உப்புக்கு நிறம் பார்க்கிறவர்களுக்கு ஒரு ஓய்வு பெற்ற டீச்சரின் பதில்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவில் படியுங்கள். படிக்காமல் லைக் மட்டும் போடாதீர்கள்.

நேற்று எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் உப்பைப் பற்றி ஒரு தகவல் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாக்கெட் உப்பு மெல்லக் கொல்லும் விஷமாம். அயோடின் கலப்பது கம்பெனிகளின் சதியாம். அதில் சயனைடு வேறு சேர்க்கிறார்களாம். இந்துப்பில் 84 தாதுக்கள் இருக்கின்றனவாம், அதைச் சாப்பிட்டால் பிரஷர் கிட்டவே வராதாம். கடைசியில் வழக்கம்போல "அனைவருக்கும் பகிரவும்". அனுப்பியவர் முப்பது வருடம் வகுப்பறையில் அறிவியல் நடத்தியவர். அரை மணி நேரத்தில் அதற்குக் கீழே பதினேழு கைகூப்பல். ஒருவர்கூட "இது உண்மையா சார்?" என்று கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். காரணத்தைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே தகவலை எங்கள் குடும்பக் குழுவில் அனுப்பியவள் நான்தான்.

படித்துக்கூடப் பார்க்கவில்லை. "இந்துப்பு" என்ற வார்த்தை கண்ணில் பட்டது, நல்ல விஷயம்தானே என்று விரலால் தள்ளிவிட்டேன். என் அண்ணன் மனைவி, என் மதினி, அதைப் படித்தாள். அவளுக்குப் பதினொரு வருடமாக பிரஷர் மாத்திரை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு: "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்." பக்கத்து ஊரில் இயற்கைப் பொருள் விற்கும் கடை ஒன்றில் கிலோ 120 ரூபாய்க்கு அந்த இளஞ்சிவப்பு உப்பை வாங்கியிருக்கிறாள். கடைக்காரரும் "இது பிரஷரைக் குறைக்கும்மா" என்று சொல்லியிருக்கிறார். மருந்துதானே என்று குழம்பில் ஒரு கை கூடப் போட்டிருக்கிறாள், மோரிலும் போட்டுக் குடித்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து "விட்டுப் பார்ப்போமே" என்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் விடியற்காலை வாசலில் கோலம் போட உட்கார்ந்தவள் கையிலிருந்து கோலப்பொடிக் கிண்ணம் நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்திருக்கிறாள், வலது கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 210க்கு 120. பக்கவாதம். "மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் ஒன்றும் பேசாமல் செல்போனைத் திறந்து அந்தத் தகவலைக் காட்டினார். அதற்கு மேலே அனுப்பியவர் பெயர் இருந்தது. என் பெயர்.

மாத்திரையை நிறுத்தியதுதான் முதல் காரணம், உப்பு கூடியது இரண்டாவது என்று டாக்டர் சொன்னார். இரண்டையும் செய்ய வைத்தது ஒரே தகவல்தான். அண்ணன் இன்று வரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதினி மட்டும் ஒரு தடவை, பேச்சு திரும்பிய பிறகு, "நீ அனுப்பினதுன்னுதானே நம்புனேன்" என்றாள். அதில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவள் இப்போது இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள்.

ஆகவே "சும்மா ஒரு தகவல்தானே டீச்சர், பிடிச்சா எடுத்துக்குங்க, இல்லேன்னா விடுங்க" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

1. இந்துப்பு சாப்பிட்டால் பிரஷர் வராதா?

உப்பு என்பது சோடியம் குளோரைடு. எடையில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம், மீதி குளோரின். ரத்த அழுத்தத்தைக் கூட்டுவது அந்தச் சோடியம். இந்துப்பு என்று இன்று கடைகளில் விற்கும் இளஞ்சிவப்பு உப்பும் கிட்டத்தட்ட 98 சதவீதம் அதே சோடியம் குளோரைடுதான். அந்த நிறம் எதனால்? அதில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடால். சுலபமாகச் சொன்னால், துருவின் குடும்பம்.

84 தாதுக்கள் என்கிறார்களே? இருக்கட்டும். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்றால், மிச்சமிருக்கும் இரண்டு சதவீதம் எவ்வளவு? 0.1 கிராம். அந்த 0.1 கிராமுக்குள் எண்பத்து சொச்சம் பொருட்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் முருங்கையில் ஒரு கைப்பிடி கீரை பறித்து வதக்கினால் அதைவிட எத்தனையோ மடங்கு சத்து. காசும் கிடையாது.

சித்த மருத்துவத்தில் இந்துப்பு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மருந்தில் அளவோடு சேரும் பொருள் அது. மருந்துச் சரக்கு என்பதற்காகச் சுக்கைக் குழம்பு வைக்கிற மாதிரி அள்ளிப் போடுகிறோமா?

இன்னொன்று. "இமயமலை உப்பு" என்று பாக்கெட்டில் பனிமலைப் படம் போட்டு விற்கிறார்களே, அது பனிமலையிலிருந்து வருவதல்ல. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கேவ்ரா என்ற இடத்தில் இருக்கும் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் பாறை உப்பு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் வற்றிப்போன கடல் விட்டுச் சென்றது. அதுவும் கடல் உப்புத்தான், பழைய கடல். அவ்வளவுதான் வித்தியாசம்.

2. உப்பில் சயனைடா?

பொடி உப்பு கட்டி பிடிக்காமல் இருக்கச் சில கம்பெனிகள் பொட்டாசியம் ஃபெரோசயனைடு என்ற பொருளைக் கிலோவுக்குச் சில மில்லிகிராம் அளவில் சேர்ப்பதுண்டு. சட்டம் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெயரில் சயனைடு இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தச் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. குழம்பு கொதிக்கும் சூட்டில் அது உடைந்து வெளியே வராது.

பெயரைப் பார்த்துப் பயப்படுவதானால் உப்பையே யாரும் தொட முடியாது. சோடியம் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின், முதல் உலகப் போரில் 1915-இல் சிப்பாய்களைக் கொல்லப் பயன்படுத்திய நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தால் நம் சாம்பாரில் போடுகிற உப்பு. தனிமம் வேறு, சேர்மம் வேறு. இதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்போம்? எழுதிப்போட்ட நாமே மறந்துவிட்டு "சயனைடு" என்று கூவலாமா?

3. அயோடின் சதியா?

இங்கேதான் எனக்கு அதிகக் கோபம். ஏனென்றால் இது பிறக்கப்போகும் பிள்ளைகளைத் தொடுகிற விஷயம்.

தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எழுபது வருட வாழ்நாளுக்கும் சேர்த்து நான்கு கிராம்கூட வராது. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் அதை மொத்தமாக ஒரே நாளில் விழுங்கிவிட முடியாது. தினமும் துளித்துளியாக உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கழுத்தில் கழலை வரும், அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று: கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். அந்தக் குழந்தையை ஆறு வருடம் கழித்து நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து "மண்டையில ஏறவே ஏறாதா?" என்று நாமே திட்டியிருப்போம்.

எல்லோரும் தினமும் சாப்பிடும் பொருள், ஏழை பணக்காரர் என்று பார்க்காமல் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடும் பொருள், மலிவான பொருள் எது என்று யோசித்தார்கள். உப்பு. ஸ்விட்சர்லாந்தில் 1922-இலும், அமெரிக்காவின் மிச்சிகனில் 1924-இலும் அயோடின் உப்பைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமி தலைமையிலான குழு பரிசோதனை நடத்தியது. சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. சில வருடங்களில் அயோடின் உப்பு கிடைத்த இடங்களில் பிள்ளைகளின் கழலை நன்றாகக் குறைந்தது. அதன் பிறகுதான் 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. டிவி விளம்பரத்தில் பாக்கெட் உப்பு வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்னால். எந்தக் கம்பெனிச் சதி இது?

"கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறதே டீச்சர்?" நல்ல கேள்வி. ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம். அத்தனையும் உப்போடு ஒட்டிக்கொண்டாலும் 5 கிராம் உப்பில் 10 மைக்ரோகிராம்கூட வராது. தேவை 150. அதுவும் ஒட்டிக்கொள்வதில்லை, உப்பு பூத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு பெரும்பாலும் போய்விடும். கடல் மீனிலும் கடற்பாசியிலும் அயோடின் உண்டு, காரணம் அந்த உயிர்கள் அதைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. உப்புப் பாத்தி சேர்த்து வைப்பதில்லை.

"எங்க பாட்டி அயோடின் உப்பா தின்னா? நூறு வயசு இருந்தாளே?" உங்கள் பாட்டி நன்றாக இருந்தாள், சந்தோஷம். அவள் பெற்ற பிள்ளைகள் எத்தனை, தங்கியவை எத்தனை என்றும் கேட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தவர்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். மற்றவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

இதில் நமக்கு ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. 2018-19-இல் நாடு முழுக்க அயோடின் ஆய்வு ஒன்று எடுத்தார்கள். போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76 சதவீதம். தமிழ்நாட்டில் 62 சதவீதம். எல்லாவற்றுக்கும் கடைசி வரிசையில் நாம். உப்பு விளையாத மாநிலங்கள்கூட நம்மைவிட மேல். படித்தவர்கள் நிறைந்த மாநிலம் என்று மேடையில் மார்தட்டுகிறோம்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அயோடின் சட்டத்தால் சிறு உப்பு உற்பத்தியாளர்கள் அடிபட்டார்கள். அது உண்மை. அதனால் எதிர்ப்பு வந்து 2000-இல் தடையை விலக்கி, 2006-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம்கூடக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அந்த விதியைப் போட்டது செல்லாது என்றது. சட்டத்தின் அதிகார வரம்பைப் பற்றிய தீர்ப்பு அது. அயோடின் கெடுதல் என்று அதற்கு அர்த்தமில்லை. பின்னர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதி தொடர்கிறது. சிறு உற்பத்தியாளருக்காகப் பேச வேண்டுமா? பேசுவோம், நானும் வருகிறேன். கூட்டுறவு முறையில் ஊருக்கு ஊர் அயோடின் கலக்கும் இயந்திரம் கொடு என்று கேட்போம். அதற்காக அயோடினே விஷம் என்று பொய் சொல்வது எந்த ஊர் நியாயம்?

தைராய்டு நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பைக் கேட்டு அல்ல. என்னையும் கேட்டு அல்ல.

4. "தொழிற்சாலை உப்பை நம் தலையில் கட்டுகிறார்கள்"

இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்கு மேல் உப்பு விளைகிறது. 140 கோடிப் பேரும் தினம் 10 கிராம் தின்றாலும் வருடத்துக்கு 51 லட்சம் டன்தான். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மீதி எங்கே போகிறது? கொஞ்சம் ஏற்றுமதி. பெரும்பகுதி தொழிற்சாலைக்கு.

ஆமாம், உப்பு தொழிற்சாலைப் பொருள்தான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் கிடைக்கும். மேட்டூரிலும் ஆறுமுகநேரிப் பக்கம் சாகுபுரத்திலும் இந்த வேலை நடக்கிறது. காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை, காகிதம் இல்லை, அலுமினியப் பாத்திரமும் இல்லை. குடிநீரில் கிருமியைக் கொல்வது குளோரின். அந்தத் தண்ணீர் வரும் பிவிசி குழாயின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். உப்பிலிருந்தும் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் சோடா சாம்பல், அதிலிருந்து கண்ணாடி. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் அழுகாமல் காப்பது உப்பு. திருப்பூரில் பனியனில் சாயம் ஒட்ட வைப்பதும் உப்பு.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் என்ன? ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. மதினிக்கு ஏற்றிய அரை லிட்டர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே 4.5 கிராம். 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவ, சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

தொழிற்சாலைக்குப் போவதால் ஒரு பொருள் விஷமாகிவிடாது. காஸ்டிக் சோடா ஆலைக்குப் போகும் உப்புக் கரைசலில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும் என்று மிக நுணுக்கமாகச் சுத்தம் செய்கிறார்கள். சுத்தம் செய்வது என்ற வார்த்தையே இப்போது கெட்ட வார்த்தையாகிவிட்டது, அதுதான் எனக்குப் புரியவில்லை.

தொழிற்சாலையைப் பற்றிக் கோபப்பட நியாயமான இடம் இருக்கிறது. சாயக் கழிவின் உப்பு நொய்யலைக் கொன்றது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. ஒரத்துப்பாளையம் அணையின் கீழே இருந்த விவசாயிகளைக் கேளுங்கள், உப்பு என்றால் என்ன என்று சொல்வார்கள். அதைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் தகவல் வந்து நான் பார்த்ததில்லை. நிலத்தையும் ஆற்றையும் கெடுத்த உப்பைப் பற்றிப் பேச்சில்லை, ஒரு சிட்டிகை அயோடினுக்கு மட்டும் இவ்வளவு கூப்பாடு.

5. காந்தி போராடியது இயற்கை உப்புக்காகவா?

குழுவில் ஒருவர் இதையும் எழுதியிருந்தார். வேதாரண்யத்தையும் இழுத்துவிட்டார். 1930 மார்ச் 12-இல் புறப்பட்டு ஏப்ரல் 6-இல் தண்டியில் காந்தி உப்பு எடுத்தார். ராஜாஜி ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து புறப்பட்டு, மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார். எதற்கு? ஏழையின் உப்புக்கும் வரி போட்ட அரசுக்கு எதிராக, உப்பைத் தன் கைக்குள் வைத்திருந்த ஏகபோகத்துக்கு எதிராக. 10 ரூபாய்ப் பொருளை 120 ரூபாய்க்கு விற்பவனுக்கு அந்தப் போராட்டத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

6. நாம் கேட்காத கேள்வி

நான் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தது தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. பள்ளியின் பின்பக்கச் சுவரைத் தாண்டினால் உப்பளம். என் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மா அப்பா அளத்து வேலைக்காரர்கள். வெயில் ஏறினால் நிற்க முடியாது என்று விடியும் முன்பே போய்விடுவார்கள். பிள்ளைகள் தாமாகவே எழுந்து, தம்பி தங்கைக்குப் பழைய சோறு போட்டுவிட்டு, தலை சீவாமல் வரும். மாசி பங்குனியில் வேலை மும்முரமானால் பெரிய பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் காணாமல் போகும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் கையெழுத்துப் போட பேனா பிடிக்கும்போது கவனித்திருக்கிறேன். உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருக்கும். காலில் ஆறாத புண். வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தில் நாற்பது வயதிலேயே கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பார்கள். ஒதுங்க நிழல் இல்லை, பெண்கள் சிறுநீர் கழிக்க மறைவு இல்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வார்கள். ஐப்பசி வந்தால் மழை, வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு முன்பணம் வாங்கி, தை பிறந்ததும் உழைத்துக் கழிப்பார்கள். மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது நல்ல காரியம். மூன்று மாதத்துக்கு அது போதுமா என்று நீங்களே உங்கள் வீட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள்.

ஒருமுறை பரீட்சையில் "உப்பு எங்கிருந்து கிடைக்கிறது?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரு பெண் பிள்ளை "எங்க அம்மாகிட்ட இருந்து" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டு "கடல்" என்று திருத்தினேன். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. அந்த விடைத்தாள் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்திருக்கலாமே என்றிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். சமைத்துப் போட்டவரை நினைக்கிறோம். உப்பை வாரிப் போட்டவரை நினைக்கிறோமா? உப்பில் நிறம் என்ன, எத்தனை தாது, எந்த மலை என்றெல்லாம் விசாரிக்கிறோம். இதை வாரிய கைக்கு என்ன கூலி என்று ஒருவரும் கேட்டதில்லை. 120 ரூபாய் கொடுக்க மனசும் பணமும் இருக்கிறவர்கள், அதில் ஒரு பங்கையாவது நம்மூர் அளத்துப் பெண்ணுக்குப் போய்ச் சேரும்படி குரல் கொடுக்கக் கூடாதா?

7. சரி, என்ன செய்யலாம்?

அ) உப்பின் நிறத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உலக மக்கள் சராசரியாக அதைப்போல் இரண்டு மடங்கு தின்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்சர், சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

ஆ) கல் உப்போ பொடி உப்போ, அயோடின் கலந்ததா என்று பாக்கெட்டில் பாருங்கள். கல் உப்பிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது. நம் மாநில அரசின் உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் தயாரிக்கும் உப்பும் இருக்கிறது. மூட்டையை அவிழ்த்துத் தெருவில் கூவி விற்கும் உப்பில் அயோடின் இருக்காது. மாடித் தோட்டத்துக்கும் கருவாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், செடிக்கும் அது ஆகாது.

இ) உப்பு ஜாடியை மூடி வையுங்கள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். ஈரக் கையால் அள்ளாதீர்கள். ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறையும். இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் நல்லது.

ஈ) பிரஷர் உள்ளவர்கள் உப்பை மாற்ற ஆசைப்பட்டால், சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு என்று ஒன்று உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஐந்து வருடம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உ) மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

ஊ) கடைசியாக என் சக ஆசிரியப் பெருமக்களுக்கு. நாம் ஓய்வு பெற்றுவிட்டோம், ஆனால் நம் பெயருக்கு முன்னால் இருக்கும் "டீச்சர்", "சார்" ஓய்வு பெறவில்லை. சொந்தக்காரர்களும் பழைய மாணவர்களும் இன்னும் அதை நம்புகிறார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூச்சப்பட்டோம் இல்லையா? நானூறு பேருக்குப் போகும் குழுவில் அந்தக் கூச்சம் எங்கே போயிற்று? தயவு செய்து படித்துப் பார்த்து அனுப்புங்கள். தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

மதினிக்கு உடம்பு இப்படி ஆன பிறகு எங்கள் குடும்பக் குழுவில் நான் ஒரு மன்னிப்பு எழுதினேன். "நான் முன்பு அனுப்பிய உப்புத் தகவல் தவறு. யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்" என்று. முதலில் அனுப்பியதை எங்கள் குடும்பத்திலேயே ஒன்பது பேர் வெளியே பகிர்ந்திருந்தார்கள். திருத்தத்தை யாரும் பகிரவில்லை. அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். ஆறு பேருக்கு நினைவே இல்லை. அந்த ஆறு பேர் அனுப்பிய வீடுகளில் யார் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

அதனால்தான் இதை இங்கே பொதுவில் எழுதுகிறேன். நேற்று அந்தத் தகவலைப் போட்ட சார் இதைப் படித்தால், தனிப்பட்ட முறையில் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். ஆனால் இன்றைக்கே அந்தக் குழுவில் போய் அது தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

பகிர விரும்புகிறவர்கள் என் பெயரோடும் பகிரலாம், இல்லாமலும் பகிரலாம். முழுவதும் படித்துவிட்டுப் பகிருங்கள்.

மதினிக்குப் பத்து மணி மாத்திரை கொடுக்கிற நேரம். வருகிறேன்.